காரீயமும் குமிழியும்

கொழும்புத் துறைமுகத்தையும் அதை அடுத்துள்ள கொட்டாஞ்சேனையையும் அறிந்த நேயர்களுக்குத் தேயிலைப் பெட்டி புதிதன்று. அதே துறைமுகத்திலிருந்து பீப்பாய் பீப்பாயாகக் கப்பலேறிய காரீயத்தை நினைப்பவர் இன்று சிலரே. பென்சிலுக்குள் இருக்கும் அந்தக் கரும்பொருளேதான். உலோகம் உருக்கும் மூசைகளுக்கும் அது வேண்டும். முதலாம் உலகப் போர்க்காலத்தில், 1916இல், இலங்கையின் உற்பத்தி ஏறக்குறைய 33,000 தொன்னை எட்டியது.

நம் காரீயம் பாறைப் பிளவுகளில் நரம்பு நரம்பாகப் படிந்தது, இயல்பிலேயே தூயது. கொழும்புக் கிடங்குகளிலே பெண்கள் அதைச் சிறு கோடரியாற் செதுக்கி, தேய்த்து, சல்லடையிட்டுத் தரம் பிரித்தார்கள். அவர்களுடைய கைத்திறனை எந்தக் காப்புரிமையும் பதிவு செய்யவில்லை.

ஜெர்மனியிலோ காரீயம் கல்லோடு கலந்து கிடந்தது. டிரெஸ்டன் நகரத்துப் பெசல் சகோதரர் 1877இல் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றனர். பொடித்த தாதுவை நீரிலிட்டு, சிறிது எண்ணெய் சேர்த்துக் கொதிக்க வைத்தார்கள். காரீயத்தை நீர் எளிதில் நனைப்பதில்லை. எண்ணெய் படிந்தால் அது நீரை மேலும் வெறுக்கும். ஆகவே எழும் குமிழிகளில் ஒட்டிக்கொண்டு மேலே வந்தது. கல் அடியில் தங்கிற்று.

குமிழி உடையாமல் நிற்க வேண்டுமே! அதற்குப் பின்வந்தோர் பைன் எண்ணெய் போன்றவற்றைச் சேர்த்தனர். இவற்றின் மூலக்கூற்றில் ஒரு முனை நீரை நாடும்; மறுமுனை நீரை விலக்கும். ஆதலால் காற்றும் நீரும் சந்திக்கும் எல்லையிலே, தலையை நீரிலும் வாலைக் காற்றிலுமாக வைத்து அவை அணிவகுக்கின்றன. அங்கே நீரின் பரப்பிழுவை தளர்கிறது. குமிழியின் தோல் ஓரிடத்தில் நீண்டு மெலிந்தால், அவ்விடத்தில் மூலக்கூறுகள் ஐதாகி இழுவை கூடும். சுற்றியுள்ள நீர் அப்பக்கம் இழுபட்டு மெலிவை நிரப்பும். சவர்க்கார நுரை சற்று நேரம் நிற்பதும் இதனாலேயே. அளவு மீறினாலோ நுரை கல்லையும் சேர்த்து அள்ளிவிடும்.

பெசல் சகோதரரின் முறை பலித்தது, ஆயினும் நிலைக்கவில்லை. தூய இலங்கைக் காரீயம் சந்தைக்கு வந்தபின் அது கட்டுபடியாகாமற் போயிற்று. உலகம் அதை ஏறக்குறைய மறந்தே விட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் சுரங்கக் கழிவிலிருந்து நாகத்தை மீட்க வழி தேடியவர்களே மிதப்பு முறைக்கு மறுவாழ்வு தந்தனர்.

போர் முடிந்ததும் நம் காரீயச் சந்தை சரிந்தது. மடகாஸ்கரின் செதிற்காரீயமும் போட்டிக்கு வந்தது. 1971இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. பின்னர், கேகாலை மாவட்டத்துப் போகலச் சுரங்கத்தில், ஒரு காலத்தில் நமது காரீயம் ஒதுக்கித் தள்ளிய அந்த நுரையே காரீயத்தைத் தூய்மையாக்கும் பணிக்கு அமர்ந்தது.