யோ-யோ: நூலில் ஆடும் வட்டின் வரலாறு

யோ-யோ என்பது ஓர் அச்சால் இணைந்த இரண்டு வட்டுகளும் அந்த அச்சில் சுற்றிய நூலும் மட்டுமே கொண்ட விளையாட்டுப் பொருள். அதன் பழமைக்குக் கிரேக்கத்தில் சான்று இருக்கிறது. கி.மு. 440ஆம் ஆண்டையொட்டி வரையப்பட்ட கிண்ணம் ஒன்றில், நூலில் கட்டிய வட்டை ஆட்டும் சிறுவன் ஒருவனின் ஓவியம் உள்ளது. அந்தக் கிண்ணம் இப்போது பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த வட்டு ஐரோப்பாவின் மேல்தட்டு மக்களிடையே பரவியது. பிரெஞ்சுப் புரட்சியின்போது நாட்டைவிட்டு வெளியேறிய பிரபுக்களோடு தொடர்புபடுத்தி, பிரான்சில் இதை ‘எமிக்ரெட்’ என்று அழைத்தனர். இங்கிலாந்தில் இதற்கு ‘பேண்டலோர்’ என்று பெயர். 1866இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹேவன், சார்லஸ் ஹெட்ரிக் ஆகிய இருவரும் இதைத் திருத்தி அமைத்துக் காப்புரிமை பெற்றனர். ஆயினும் இவ்வகை வட்டுகளில் நூல் அச்சோடு இறுகக் கட்டப்பட்டிருந்ததால், கீழே இறங்கியதும் வட்டு உடனே மேலேறிவிடும். அதைக்கொண்டு செய்யக்கூடிய வித்தைகள் மிகச் சில.

அந்த எல்லையை உடைத்தது பிலிப்பைன்ஸ் மக்களின் முறை. அவர்கள் நூலை முடிச்சிடாமல் அச்சைச் சுற்றித் தளர்ந்த கண்ணியாக மாட்டினர். வட்டு இறங்கும்போது உயரத்தால் பெற்ற ஆற்றலின் பெரும்பகுதி சுழற்சியாக மாறுகிறது. நூலின் அடியை எட்டியதும், கண்ணிக்குள் அச்சு வழுக்குவதால், நின்று சுற்றும் பம்பரம்போல வட்டு அங்கேயே சுழன்றுகொண்டிருக்கும். விரலால் மெல்லச் சுண்டினால் நூல் ஒரு கணம் தளர்கிறது; அச்சு நூலைப் பற்றிக்கொள்ள, வட்டு நூலைச் சுற்றியபடி கைக்குத் திரும்புகிறது. தரையில் உருட்டுவது முதல் நூலால் ஊஞ்சல் கட்டி ஆட்டுவது வரை பல வித்தைகள் இந்த இடைவெளியில் பிறந்தவை. 1916இல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழின் இணைப்பில் வெளிவந்த பிலிப்பைன்ஸ் பொம்மைகள் பற்றிய கட்டுரை, யோ-யோ என்ற பெயரை அமெரிக்க வாசகருக்குக் காட்டியது.

இதைத் தொழிலாக வளர்த்தவர், பிலிப்பைன்ஸின் வடபகுதியிலிருந்து அமெரிக்கா வந்த பெட்ரோ ஃபுளோரஸ். சாண்டா பார்பராவில் ஹோட்டல் பணியாளராக இருந்த அவர், 1928இல் அங்கே யோ-யோ தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டுக்குள் அது மூன்று தொழிற்சாலைகளாகப் பெருகியது. சிகாகோ தொழிலதிபர் டொனால்டு டங்கன் விரைவிலேயே அந்த நிறுவனத்தையும் அதன் வணிகக் குறியையும் வாங்கிக்கொண்டார்.

டங்கன் நிறுவனத்தின் விற்பனை முறை எளியது. வித்தை தெரிந்தவர்களை ஊர் ஊராக அனுப்பிக் கடைவாசலில் ஆடிக்காட்டச் செய்தது. பிறகு சிறுவர்களுக்குப் போட்டி நடத்தியது. அப்படி ஆடிக்காட்டியவர்களில் பலர் பிலிப்பைன்ஸ்காரர்கள். 1932இல் லண்டனில் நடந்த உலகப் போட்டியில் கனடாவைச் சேர்ந்த 13 வயது ஹார்வி லோ வென்றான். 1946இல் விஸ்கான்சின் மாநிலத்தின் லக் என்ற சிற்றூருக்குத் தொழிற்சாலை மாறியது. அப்பகுதியின் மேப்பிள் மரமே மூலப்பொருள். தொலைக்காட்சி விளம்பரம் துணைநிற்க, 1962இல் மட்டும் 4.5 கோடி யோ-யோக்கள் விற்றன.

அந்த வெற்றியே நிறுவனத்துக்குச் சுமையாயிற்று. கூடுதல் நேர வேலைக்கான கூலியும் விளம்பரச் செலவும் ஏறின. போட்டி நிறுவனங்கள் அதே பெயரில் விற்பதைத் தடுக்க வழக்கு நடத்த வேண்டியிருந்தது. ராயல் டாப்ஸ் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் 1965இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிலிப்பைன்ஸில் அந்தப் பொருளுக்கு வழங்கிவந்த பெயரே யோ-யோ. ஆகவே அது தனியொரு நிறுவனத்தின் உடைமையாக முடியாது என்பது அதன் சாரம். அதே ஆண்டு டங்கன் நிறுவனம் திவாலானது. 1968இல் ஃபிளாம்போ என்ற பிளாஸ்டிக் நிறுவனம் டங்கன் பெயரை வாங்கித் தயாரிப்பைத் தொடர்ந்தது. யோ-யோ என்ற சொல்லோ அகராதிக்கும் குறுக்கெழுத்துப் புதிருக்கும் உரிய பொதுச்சொல்லாக நிலைத்தது.

1985 ஏப்ரலில் டிஸ்கவரி விண்ணோடத்தில் நடந்த பொம்மைச் சோதனைகளில் யோ-யோவும் இடம்பெற்றது. எடையற்ற நிலையில் நூலை இழுத்துப் பிடிக்க விசை இல்லாததால், அது அடியில் நின்று சுழலாமல் உடனே திரும்பிவிட்டது. 1990களில் அச்சில் பந்துத் தாங்கிகள் பொருத்திய வட்டுகள் பரவின. உராய்வு குறைந்ததால் அவை பல நிமிடங்கள் சுழன்றன, வித்தைகளும் நுணுக்கமாயின. 1997இல் ஜப்பானின் பண்டாய் நிறுவனம் இறக்கிய ‘ஹைப்பர் யோ-யோ’ அந்நாட்டுச் சிறுவர்களிடையே புதிய அலையை எழுப்பியது. மரம் பிளாஸ்டிக்காகவும் உலோகமாகவும் மாறிய பிறகும், இன்றைய போட்டிகளின் பெரும்பாலான வித்தைகள் பிலிப்பைன்ஸ் மக்கள் அளித்த அடிப்படையின் மேலேயே நிற்கின்றன: கையிலிருந்து போன வட்டு உடனே திரும்பாமல் சற்று நேரம் நின்று சுழல வேண்டும்.