முரிவாயில் ஒதுங்கிய 72 திமிங்கிலங்கள்

முரிவாய்க் கடற்கரைக்கு நீங்கள் போயிருப்பீர்கள். ஆக்லாந்து நகரிலிருந்து மேற்கே காரில் முக்கால் மணி நேரம். கறுப்பு மணல், பாறைமேல் கூடு கட்டும் கன்னெட் பறவைகள். 1974-இல் அந்தக் கரையில் 72 எண்ணெய்த் திமிங்கிலங்கள் ஒதுங்கின. தமிழ் வகுப்பில் திமிங்கிலப் பாடத்தை நான் இங்கிருந்துதான் தொடங்குவேன். யாராவது ஒரு பிள்ளை உடனே கேட்கும்: "ஒண்ணு மாட்டிக்கிட்டா மத்ததெல்லாம் ஏன் திரும்பிப் போகல?"

நல்ல கேள்வி. அதற்கு முதலில் அந்த விலங்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆங்கிலத்தில் ஸ்பெர்ம் வேல், மாவோரி மொழியில் பராஓவா. பல் உள்ள விலங்குகளில் இதுவே பெரியது. வளர்ந்த ஆண் ஏறத்தாழ 16 மீட்டர் இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு தலை. மூளையின் எடை சுமார் 8 கிலோ. உலகில் வேறெந்த விலங்குக்கும் இவ்வளவு பெரிய மூளை இல்லை. 1,000 மீட்டருக்குக் கீழே, வெளிச்சமே இல்லாத ஆழத்தில் இது கணவாய் பிடிக்கிறது. அங்கே கண் உதவாது. 'டிக், டிக்' என்று ஒலி எழுப்பி, திரும்பிவரும் எதிரொலியைக் கேட்டே வழியும் இரையும் அறிகிறது.

பெண்களும் குட்டிகளும் சேர்ந்து வாழ்வார்கள். பாட்டி, அம்மா, சித்தி, பேத்தி என்று அது ஒரு கூட்டுக் குடும்பம். ஆண்கள் வளர்ந்ததும் பிரிந்து குளிர்கடலுக்குப் போய்விடும். ஆபத்து வந்தால் பெரியவர்கள் பூவிதழ்போல வட்டமாக நின்று குட்டியை நடுவில் வைத்துக் காப்பார்கள். சுறாவோ ஓர்காவோ வந்தால் இது நல்ல உபாயம். ஈட்டியோடு மனிதன் வந்தபோது இதுவே வினையானது. ஒன்றுக்குக் காயம்பட்டால் மற்றவை விட்டுப் போகாது. வேட்டைக்காரர்கள் ஒவ்வொன்றாகக் கொன்றார்கள்.

எதற்காக? தலைக்குள் இருக்கும் மெழுகெண்ணெய்க்காக. ஒரு பெரிய ஆணிடம் 1,000 லிட்டருக்கும் மேல் கிடைக்கும். அதில் செய்த மெழுகுவர்த்தி புகையில்லாமல் ஒரே சீராக எரியும். 1860-இல் பிரிட்டன் ஒளியை அளக்கும் அலகையே இந்த மெழுகுவர்த்தியைக் கொண்டுதான் வகுத்தது. மின்சாரம் வரும்முன் பணக்கார வீடுகளின் வெளிச்சத்துக்குப் பின்னால் இந்தக் குடும்பங்கள் இருந்தன.

1790-களிலேயே திமிங்கில வேட்டைக் கப்பல்கள் நியூசிலாந்துக் கடலுக்கு வந்துவிட்டன. வடக்கே கொரொராரேகா (இன்றைய ரஸல்) அவர்களுடைய துறைமுகம். மாவோரி இளைஞர்களும் மாலுமிகளாகச் சேர்ந்து உலகம் சுற்றினார்கள். 1840-இல் வைடாங்கி ஒப்பந்தம் கையெழுத்தானது அதே விரிகுடாவில்தான். இந்த நாட்டின் வரலாற்றில் திமிங்கில எண்ணெயின் பிசுக்கு உண்டு.

வேட்டை 1964 வரை நடந்தது. டோரி நீரிணையில் இருந்த பெரானோ குடும்பத்தின் நிலையமே கடைசி. 1964 டிசம்பர் 21-இல் கைக்கோரா அருகே அவர்கள் கடைசித் திமிங்கிலத்தைப் பிடித்தார்கள். கருணை வந்ததால் நிறுத்தவில்லை. திமிங்கிலம் குறைந்து தொழில் கட்டுபடியாகாமல் போனது. கடல்வாழ் பாலூட்டிகளைக் காக்கும் சட்டம் 1978-இல்தான் வந்தது.

பிறகு ஒரு திருப்பம். 1980-களில் ரயில்வே வேலைகள் போய் கைக்கோரா ஊரே வாடியது. 1987-இல் அங்குள்ள மாவோரிக் குடும்பங்கள் வீட்டை அடமானம் வைத்துப் படகு வாங்கி, திமிங்கிலம் பார்க்க ஆட்களை அழைத்துப் போகத் தொடங்கின. முன்பு கொன்று பிழைத்த ஊர் இன்று அவற்றை உயிரோடு காட்டிப் பிழைக்கிறது.

இனி அந்தப் பிள்ளையின் கேள்வி. சரிவு குறைந்த மணற்கரையில் எதிரொலி சரியாகத் திரும்பாது என்பது ஒரு விளக்கம். ஒன்று வழி தவறினால் மற்றவை அதை விட்டுப் போவதில்லை என்பது இன்னொன்று. தமிழ்நாட்டிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். 1973-இல் திருச்செந்தூர் அருகே 147 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. அது வேறு இனம். கூட்டமாக வாழும் குணம் ஒன்றே. 2016 ஜனவரியிலும் அதே கரையோரம் எண்பதுக்கு மேல் வந்தன. மீனவர்கள் படகில் கட்டி இழுத்துக் கடலில் விட்டார்கள். பல மறுபடி கரைக்கே வந்தன.

சிலர் இதை முட்டாள்தனம் என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆழ்கடலில் இலட்சக்கணக்கான ஆண்டுகள் அவற்றைக் காத்த குணம் இது. ஆழமில்லாத கரையிலும் மனிதனின் ஈட்டி முன்னாலும்தான் அது தோற்றது.

உயிரோடு ஒதுங்கிய திமிங்கிலத்தைப் பார்த்தால் நீங்களே தள்ள முயலாதீர்கள். வாலருகே நிற்காதீர்கள், ஒரே அடி போதும். மூச்சுத்துளையில் தண்ணீர் ஊற்றாதீர்கள். இயற்கை வளப் பாதுகாப்புத் துறையின் 0800 362 468 எண்ணை உடனே அழைக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணை இப்போதே அம்மா அப்பா கைபேசியில் பதிந்து வையுங்கள்.