பங்கு பிரிக்காத பாளையம்

திருச்சிராப்பள்ளிச் சீமையின் பெரும் பாளையங்கள் துறையூர், அரியலூர், உடையார்பாளையம் என மூன்றாகும். அவற்றுள் பின்னிரண்டும் இன்றைய அரியலூர் மாவட்டத்தில் அடங்குவன. அரியலூரை மழவராயர்கள் ஆண்டனர். காஞ்சியிலிருந்து வந்த மரபினர் என்பதைக் 'கச்சி' என்னும் முன்னொட்டால் பெயரிலேயே தாங்கிய காலாட்கள் தோழ உடையார்கள் உடையார்பாளையத்தை ஆண்டனர். படை திரட்டி மேலரசுக்கு அனுப்பவும், ஊர்களில் காவல் நடத்தவும் விடப்பட்ட நிலமே பாளையம் என்பதால், அதனைப் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கேற்பக் கூறுபோட்டால் படையும் சிதறும் என்று கருதப்பட்டு, பட்டம் பெரும்பாலும் மூத்தவர் ஒருவருக்கே உரியதாயிற்று. ஏனையோருக்கு ஜீவனாம்சம், அதாவது பிழைப்புக்கான படி, மட்டுமே கிடைத்தது. குடும்பச் சொத்தில் ஆண்மக்கள் அனைவருக்கும் பிறப்பாலேயே பங்குண்டு என்னும் மிதாட்சர முறைக்கு இது நேர்மாறான வழக்கமாகும்.

ஸ்காட்லாந்தின் பிரபுக் குடும்பங்களிலும் நிலம் மூத்த மகனுக்கே சென்றது. அங்கும் அதன் வேர் படைச்சேவைதான். 1746இல் கல்லோடன் போரில், பழைய ஸ்டூவர்ட் அரச மரபை மீட்கக் கிளர்ந்த யாக்கோபியர் தோற்றபின், அடுத்த ஆண்டுச் சட்டம் பிரபுக்களின் பரம்பரை நீதியதிகாரத்தைப் பறித்ததேயன்றி மூத்தவன் உரிமையைத் தொடவில்லை. உயில் எழுதாமல் இறந்தவரின் நிலத்தைப் பொறுத்தவரை அவ்வுரிமை 1964 வரை நீடித்தது. காவிரிக்கு வடக்கேயும் ஏறக்குறைய அதுவே நிகழ்ந்தது. 1765இல் ஆர்க்காட்டு நவாபு முகமது அலி இரு பாளையங்களையும் கைப்பற்றினார். 1801இல் நவாபின் ஆட்சிப் பகுதியான கர்நாடகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. 1817இல் பேஷ்குஷ் என்னும் நிலையான கப்பத்துக்குச் சன்னது, அதாவது உரிமைப் பத்திரம், வழங்கப்பட்டபோது பாளையக்காரர் ஜமீன்தாரானார். படை போயிற்று, படைக்காக ஏற்பட்ட பங்கில்லா முறை மட்டும் தங்கிவிட்டது. அதன்பின் வாளால் தீர்ந்த தாயாதிச் சண்டைகள் வக்கீல்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

சன்னதால் கிடைத்த ஜமீன் முன்னோர் சொத்தா, பெற்றவரின் சுயார்ஜிதமா, அதாவது அவரே ஈட்டிய சொத்தா, என்பது அக்காலத்தின் பெருங்கேள்வி. சிவகங்கை வழக்கில் அது சுயார்ஜிதமே என்று 1863இல், இந்திய வழக்குகளின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்ததால், ஜமீனைப் பெற்றவரின் சகோதரர் வழியினரை விலக்கி அவர் மகள் காத்தம நாச்சியார் வென்றார். ஸ்காட்லாந்திலும் இதற்கு முன்னோடி உண்டு: 1766இல் ஒரு வயதில் பெற்றோரை இழந்த எலிசபெத் என்னும் குழந்தைக்கே சதர்லாந்துப் பட்டம் உரியது என்று, உரிமை கோரிய ஆண்களை ஒதுக்கி, 1771இல் பிரபுக்கள் சபை முடிவு செய்தது. உடையார்பாளையத்துக் குடும்பத்தின் உள்வழக்கும் இதே பிரிவி கவுன்சிலை எட்டி 1905இல் தீர்ப்புப் பெற்றது. இசைவாணர் கனம் கிருஷ்ணையரின் பதங்களை ஆதரித்த அவ்வரண்மனை, இறுதியில் சட்ட அறிக்கைத் தொகுதிகளில் ஒரு தலைப்பாகவும் இடம்பெற்றது.

வாரிசுப் போட்டியைவிடக் கொடிய பகை கடன்தான். மழவராயர்களின் செல்வம் அதனாலேயே கரைந்தது. சிறுவயதில் அரியலூரில் வாழ்ந்த உ.வே. சாமிநாதையர் கண்டது அவ்வூரின் பழம்பெருமையின் எச்சத்தையே. பங்கில்லா ஜமீனை அதன் உரிமையாளர் விருப்பம்போல் பராதீனம் செய்யலாம், அதாவது விற்கவும் கொடுக்கவும் செய்யலாம், என்று 1888இல் பிரிவி கவுன்சில் வட இந்திய வழக்கொன்றில் கூறியபின், ஆபத்து மேலும் கூடியது. அதனைத் தடுக்கவே சென்னை மாகாணம் 1904இல் பங்கில்லா ஜமீன் சட்டத்தை இயற்றி, பட்டியலில் இடம்பெற்ற ஜமீன்களில் உரிமையாளர் வாங்கும் கடன் பெரும்பாலும் அவர் ஆயுளுக்கு அப்பால் சொத்தைப் பிணைக்காதபடி செய்தது. தலைமுறை தலைமுறையாக நிலத்தை விற்கவொட்டாமல் கட்டிவைக்க ஸ்காட்லாந்து 1685இலேயே இயற்றிய சட்டத்தின் நோக்கமும் இதுவே. ஆனால் கடன் கொடுத்தவரையும் நிலச் சீர்திருத்தத்தையும் அக்கட்டு முடக்குவதைக் கண்ட அந்நாடு 1848இலேயே அதனைத் தளர்த்திவிட்டது. அங்குப் பழுதென்று கண்ட மருந்தையே அரை நூற்றாண்டுக்குப் பின் சென்னை கையிலெடுத்தது என்றால் மிகையாகாது.

1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம், இத்தகைய ஜமீன்களுக்குரிய இழப்பீட்டில் கடன்காரர்க்கும் ஜீவனாம்சதாரர்க்கும் உரியது போக எஞ்சியதை, ஜமீன்தாரும் அவருடைய மகன், பேரன் முதலிய ஆண்வழியினரும் கூட்டுக் குடும்பமாக இருந்து பாகப்பிரிவினை செய்துகொண்டதைப் போலப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்று விதித்தது.