பாடும் சித்திரங்கள்

1938-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் மூன்று இசைத்தட்டுகளை ஒன்றாகத் தொகுத்து விற்பனைக்கு விடுத்தது. அதற்கு முன்னரும் திரைப்படப் பாடல்கள் இசைத்தட்டில் வந்ததுண்டு. ஆயினும் அவை பெரும்பாலும் புகழ்பெற்ற பாடகர் ஒருவரைக் கொண்டு தனியே பாடுவித்துப் பதிவு செய்யப்பெற்றவை. திரையில் கேட்ட அதே குரல்களையும் அதே ஓசைகளையும் திரைப்படத்தின் ஒலித்தடத்திலிருந்தே எடுத்து வழங்கிய தொகுப்பு என்னும் வகையில், அமெரிக்கத் திரையுலகில் இதுவே முதலாவது எனக் கருதப்படுகிறது. வியப்பு யாதெனில், அச்சிறப்பு மாந்தர் நடித்த படம் எதற்கும் வாய்க்கவில்லை. தமக்கெனக் குரலோ மூச்சோ இல்லாத வெறும் கோட்டோவியங்களுக்கே அது வாய்த்தது. வால்ட் டிஸ்னி உருவாக்கிய ‘ஸ்னோ ஒயிட்’ என்னும் முழுநீளச் சித்திரப்படத்தின் பாடல்களே அத்தட்டுகளில் இடம்பெற்றன.

அப்பாடல்கள் எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் மறையவில்லை. அதே காலத்தில் ஹாலிவுட்டில் தோன்றிய எத்தனையோ இசைப்படங்களின் பாடல்கள் இன்று ஆய்வாளருக்கு மட்டுமே தெரிந்தவையாயின. குழந்தைகளுக்கென எழுதப்பட்ட எளிய பாடல்கள் நிலைத்தமைக்குரிய காரணத்தை அறிய வேண்டுமாயின், சித்திரம் ஒலி பெற்ற காலத்திற்குச் செல்ல வேண்டும்.

1928-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் நியூயார்க் நகரில் ‘ஸ்டீம்போட் வில்லி’ என்னும் குறும்படம் திரையிடப்பட்டது. ஒலியுடன் வெளிவந்த முதற் சித்திரப்படம் அதுவே என்று கூறுவோர் உளர். அக்கூற்று பொருந்தாது. பிளைஷர் உடன்பிறப்புகள் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே ஒலியுடன் கூடிய சித்திரப் பாடற்படங்களை வெளியிட்டிருந்தனர். டிஸ்னியின் படம் பெற்ற சிறப்பு வேறு. அதில் இசையும் அசைவும் இம்மியும் பிசகாமல் இணைந்து சென்றன. வில்பிரட் ஜாக்சன் என்னும் இளம் ஓவியர் மெட்ரோனோம் என்னும் தாளங்காட்டும் கருவியைக் கொண்டு அதற்கு வழி கண்டார். திரையில் ஒரு நொடிக்கு இருபத்து நான்கு படச்சட்டங்கள் ஓடுகின்றன. நிமிடத்திற்கு நூற்றிருபது அடி விழும் தாளமாயின், ஓர் அடிக்குப் பன்னிரண்டு சட்டங்கள். கணக்கு இவ்வளவே. எந்தச் சட்டத்தில் கால் தரையைத் தொட வேண்டும், எந்தச் சட்டத்தில் மணி ஒலிக்க வேண்டும் என்பதை ஓவியர் வரைவதற்கு முன்னரே அறிந்துகொள்ள இயன்றது. நாளடைவில் தாள அடிகளைக் கட்டங்களாக வகுத்து, இசையையும் செயலையும் அருகருகே குறிக்கும் தாள்கள் வழக்கத்திற்கு வந்தன.

இதனால் விளைந்த பயன் பெரிது. மாந்தர் நடிக்கும் படத்தில் நடிப்பு முடிந்த பிறகு இசை வந்து சேர்வதே பெருவழக்கு. சித்திரப்படத்தில் இசையே முன்னே சென்றது. உருவம் அதன் பின்னே பிறந்தது. இசையமைப்பாளர் கார்ல் ஸ்டாலிங், அசைவுக்கு ஏற்ப இசை அமைவதா, இசைக்கு ஏற்ப அசைவு அமைவதா என்று டிஸ்னியுடன் வாதிட்டார். அவ்வாதத்தின் விளைவாக 1929-இல் எலும்புக்கூடுகள் நடனமாடும் குறும்படம் ஒன்று வெளிவந்தது. இசையை முதன்மையாகக் கொண்ட ஒரு வரிசைக்கு அது தொடக்கமாயிற்று. செய்யுளைப் பொருளால் மட்டுமன்றி ஓசையாலும் பிள்ளைகள் நெஞ்சிற்கொள்வதை வகுப்பறையில் கண்டிருக்கும் ஆசிரியர்களுக்கு இதன் ஆற்றலை விளக்கிக் கூற வேண்டுவதில்லை.

அவ்வரிசையில் 1933-இல் வந்த ‘மூன்று பன்றிக்குட்டிகள்’ ஒரு திருப்புமுனை. ஏறத்தாழ எட்டு நிமிடங்களே ஓடும் அப்படத்தில் ஓநாயை எள்ளி நகையாடும் பாடல் ஒன்று உண்டு. அதற்கு மெட்டமைத்தவர் பிராங்க் சர்ச்சில். ஊமைப்பட அரங்குகளில் பியானோ வாசித்துப் பழகியவர் அவர். திரையில் ஓடும் காட்சியைக் கண்ட மாத்திரத்தில் மெட்டுப் புனையும் திறம் அங்கிருந்தே அவருக்கு வந்திருத்தல் கூடும். அமெரிக்கா பெரும் பொருளாதார வீழ்ச்சியில் சிக்கித் தவித்த ஆண்டு அது. உழைப்பாளர் நால்வருள் ஒருவர்க்கு வேலை இல்லை. வாயிலில் வந்து நிற்கும் ஓநாய் என்பது ஆங்கில வழக்கில் வறுமைக்கு உருவகம். ஆதலின் பன்றிக்குட்டிகளின் பாட்டை மக்கள் தங்கள் பாட்டாகவே ஏற்றுக்கொண்டனர். வானொலியிலும் தெருக்களிலும் அது ஒலித்தது. பாடற்சுவடி பெருமளவில் விற்பனையாயிற்று. சித்திரப்படப் பாடல் திரையரங்கின் சுவர்களைக் கடந்து தனித்து வாழவல்லது என்பதை டிஸ்னி அப்போதுதான் உணர்ந்தார் எனலாம்.

அடுத்து, முழுநீளப் படம் எடுக்க அவர் முற்பட்டபோது ஹாலிவுட்டில் பலர் அதனை ‘டிஸ்னியின் மடமை’ என்று இகழ்ந்தனர். எண்பது நிமிடங்களுக்கு மேல் எவர் சித்திரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பர் என்பது அவர்தம் ஐயம். ஏறத்தாழ 15 லட்சம் டாலர் செலவில் உருவான ‘ஸ்னோ ஒயிட்’ 1937-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அதன் பாடல்களுக்குச் சர்ச்சில் மெட்டமைக்க, லாரி மோரி சொல் அமைத்தார். பின்னணி இசையில் லீ ஹார்லைனும் பால் ஸ்மித்தும் துணை நின்றனர்.

அக்காலத்து இசைப்படங்களில் கதை ஓரிடத்தில் நின்றுவிடும், பாட்டு நடக்கும், பிறகு கதை மீண்டும் புறப்படும். டிஸ்னி இம்முறையை வெறுத்தார். பாட்டும் கதையைச் சுமந்து செல்ல வேண்டும் என்று வற்புறுத்தினார். கிணற்றடியில் அரசிளங்குமரி தன் விருப்பத்தைப் பாடுகிறாள். கிணறு அதனை எதிரொலிக்கிறது. அவள் யார், எதற்கு ஏங்குகிறாள், எத்துணைத் தனிமையில் வாழ்கிறாள் என்னும் மூன்றும் ஒரு பாட்டில் தெரிந்துவிடுகின்றன. குள்ளர்கள் சுரங்கத்திலிருந்து வீடு திரும்பும் பாட்டோ நடைக்கும் உழைப்புக்கும் உரிய தாளத்தில் அமைந்தது. அதனைக் கேட்ட குழந்தையின் கால்கள் தாமே நடைபோடும். இவற்றைக் கதையினின்றும் பிரித்தெடுத்தால் கதை நொண்டும். பாடலைத் தனியே கேட்டாலோ கதை முழுவதும் நினைவில் எழும்.

இசையளவிலும் அவை வலியனவாகவே இருந்தன. இளவரசனை எதிர்நோக்கிப் பாடும் பாட்டு, மூன்றடி கொண்ட வால்ட்ஸ் தாளத்தில் அமைந்த மெல்லிய மெட்டு. ஜாஸ் இசைஞர் டேவ் புரூபெக் 1957-இலும், மைல்ஸ் டேவிஸ் 1961-இலும் அதனைத் தம் இசைத்தட்டுகளில் வாசித்தனர். டேவிஸ் அத்தொகுப்பிற்கே அப்பாடலின் பெயரைச் சூட்டினார். குழந்தைப் பாட்டென ஒதுக்கத்தக்கதாயின் அத்தகைய மேதைகள் அதனைத் தொட்டிருப்பார்களா?

இனி, அக்குமரியின் குரல். அது அட்ரியானா காசலோட்டி என்னும் நங்கைக்கு உரியது. தந்தையார் லாஸ் ஏஞ்சலிஸில் வாய்ப்பாட்டு ஆசிரியர். பதினெட்டு வயதளவில் தேர்ந்தெடுக்கப்பெற்ற அவருக்கு முழுப் பணிக்கும் கிடைத்த ஊதியம் 970 டாலர் என்பர். படத்தின் பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் இல்லை. குரல் கொடுத்தோர் எவர் பெயருமே இல்லை. இசைத்தட்டுகள் நன்கு விற்பனையாகக் கண்ட அவரும், இளவரசனுக்குக் குரல் தந்த ஹாரி ஸ்டாக்வெல்லும் வருவாயில் பங்கு கேட்டு 1938-இல் வழக்குத் தொடுத்தனர். பயன் விளையவில்லை. சித்திரத்தின் குரல் சித்திரத்திற்கே சொந்தம். அதன் பின்னே ஒரு மனிதர் உளர் என்பதை உலகம் அறியலாகாது என்பதே அந்நாளைய எண்ணமாக இருந்தது. காசலோட்டி அதன்பின் திரையில் புகழ் பெறவில்லை. முதுமையில், டிஸ்னிலாந்துப் பூங்காவில் உள்ள கிணற்றின் பொருட்டு அதே பாட்டை அவர் மீண்டும் பாடித் தந்தார். 1997-இல் மறைந்தார்.

பாடலின் உரிமையைப் பொறுத்தமட்டில் டிஸ்னியும் அன்று விழிப்பாக இல்லை. ‘ஸ்னோ ஒயிட்’, ‘பினோக்கியோ’, ‘டம்போ’ ஆகிய படங்களின் பாடல்களை அச்சிட்டு வெளியிடும் உரிமை, பின்னாளில் போர்ன் என்று பெயர் பெற்ற பதிப்பகத்திற்குச் சென்றுவிட்டது. தம் நிறுவனத்திற்கெனத் தனி இசைப் பதிப்பகத்தை அவர் தொடங்கியது 1949-இல்தான்.

1940-இல் வந்த ‘பினோக்கியோ’ படத்தில் விண்மீனை நோக்கி விரும்பும் பாடலுக்கு ஹார்லைன் மெட்டமைத்தார். நெட் வாஷிங்டன் எழுதினார். அது ஆஸ்கர் பரிசு பெற்றது. போரினால் ஐரோப்பியச் சந்தை அடைபட்டிருந்தமையால் படம் முதலில் நட்டத்தையே தந்தது; பாடலோ 1954-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் வழியாக அந்நிறுவனத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. 1941-இல் ‘டம்போ’ வந்தது. சிறைப்பட்ட தாய் யானை, கம்பிகளுக்கிடையே துதிக்கையை நீட்டிக் குட்டியைத் தாலாட்டும் காட்சிக்குச் சர்ச்சில் இசை அமைத்தார். தாலாட்டு என்பது எம்மொழியினர்க்கும் ஒன்றே ஆதலால் அக்காட்சிக்கு மொழிபெயர்ப்பும் வேண்டுவதில்லை. அப்படத்தின் இசைக்காக அவரும் ஆலிவர் வாலசும் ஆஸ்கர் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பரிசு பெற்ற சில மாதங்களில், 1942-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள், சர்ச்சில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது நாற்பது. அவர் இசையமைத்த ‘பாம்பி’ அதன் பிறகே திரைக்கு வந்தது. கோடானுகோடிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்த மெட்டுகளைத் தந்தவரின் முடிவு அது.

இப்பாடல்கள் தலைமுறை கடந்தமைக்கு வாணிக உத்தி ஒன்றும் துணை செய்தது. ‘ஸ்னோ ஒயிட்’ 1944, 1952, 1958, 1967, 1975 என ஆறு முதல் ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் திரையிடப்பட்டு வந்தது. முன்பு மடியிலிருந்து பார்த்த குழந்தை அடுத்த தலைமுறையில் தன் குழந்தையை மடியில் அமர்த்திப் பார்த்தது. மற்றப் படங்கள் மூப்படைந்தன. இவற்றைக் காண்போர் மட்டும் ஆண்டுதோறும் புதிதாகப் பிறந்துகொண்டிருந்தனர்.

வால்ட் டிஸ்னி 1966-இல் மறைந்தார். மறு ஆண்டு வந்த ‘ஜங்கிள் புக்’ படத்திற்குப் பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இக்கலை தளர்ந்தே கிடந்தது. அதனை மீட்டவருள் தலையாயவர் ஹோவார்ட் ஆஷ்மன் என்னும் பாடலாசிரியர். நியூயார்க் நாடக மேடையிலிருந்து வந்த அவர், ஆலன் மென்கனுடன் இணைந்து ‘லிட்டில் மெர்மெய்ட்’ படத்திற்குப் பாடல்கள் அமைத்தார். நாயகி தன் வேட்கையை உரைக்கும் பாடல் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும் என்பது மேடை இலக்கணம். கடற்கன்னி தரை வாழ்வுக்கு ஏங்கும் பாடலை அவர் அவ்வாறே அமைத்தார். முன்னோட்டக் காட்சியில் குழந்தைகள் அவ்விடத்தில் பொறுமை இழந்ததைக் கண்ட தலைவர் ஜெப்ரி காட்சன்பெர்க், பாடலை வெட்டிவிட எண்ணினார். ஆஷ்மனும் இயக்குநர்களும் விடாது வாதிட்டுக் காத்தனர். 1989-இல் படம் வெளிவந்தபோது எல்லோர் நெஞ்சிலும் நின்றது அப்பாடலே. ‘ஸ்னோ ஒயிட்’டின் கிணற்றடிப் பாட்டு ஐம்பதாண்டுகளுக்கு முன் செய்த பணியை அது மறுபடியும் செய்தது.

அப்போதே ஆஷ்மன் எய்ட்ஸ் நோயுற்றிருந்தார். அடுத்த படமான ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’ உருவானபோது படக்குழுவினர் நியூயார்க் மாநிலத்தில் அவர் இல்லத்திற்கு அருகே சென்று தங்கிப் பணி செய்தனர். 1991 மார்ச் 14-ஆம் நாள் அவர் மறைந்தார். நிறைவுற்ற படத்தை அவர் காணவில்லை. ஆஸ்கரின் சிறந்த பட விருதுக்குப் பரிந்துரைக்கப்பெற்ற முதற் சித்திரப்படம் அது.

பாடல் கதையை மாற்றிய நிகழ்ச்சியும் உண்டு. 2013-இல் வந்த ‘ஃபுரோசன்’ படத்தில் எல்சா என்னும் அரசி கொடியவளாகவே முதலில் படைக்கப்பட்டிருந்தாள். ராபர்ட் லோபஸும் அவர் துணைவியார் கிறிஸ்டன் ஆண்டர்சன் லோபஸும் அவளுக்கென எழுதிய பாடலில் கொடுமை இல்லை. அஞ்சி ஒளிந்து வாழ்ந்த உள்ளத்தின் விடுதலையே இருந்தது. பாடலைக் கேட்டபின் படக்குழுவினர் கதையைத் திருத்தி எழுதினர். அப்பாடலை இருபத்தைந்து மொழிகளில் தொடர்ந்து ஒலிக்கச் செய்த பதிவு ஒன்று 2014-இல் வெளியிடப்பட்டது. அதில் மலாய் மொழிப் பகுதியைப் பாடியவர் சபா மாநிலத்தைச் சேர்ந்த மார்ஷா மிலன்.

இவ்வரலாற்றில் மிகுதியும் வருத்தந் தருவது ‘லயன் கிங்’ படத்தில் சில வரிகளே ஒலிக்கும் ஒரு பாட்டின் செய்தி. 1994-இல் வந்த அப்படத்திற்கு எல்டன் ஜானும் டிம் ரைசும் பாடல்கள் அமைத்தனர். அதன் இசைத்தட்டு அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. உறங்கும் சிங்கத்தைப் பற்றி விலங்குகள் பாடும் சிறு பாட்டோ அவர்களுடையதன்று. சாலமன் லிண்டா என்னும் சூலு இனத்துப் பாடகர் 1939-இல் ஜோகன்னஸ்பர்க்கில் ‘ம்பூபே’ என்னும் பெயரில் பதிவு செய்தது. அச்சொல்லுக்குச் சிங்கம் என்பது பொருள். அவர் இசைத்தட்டு நிறுவனத்தில் கடைநிலை ஊழியம் செய்தவர். சொற்பத் தொகைக்குப் பாடலின் உரிமையை விட்டுக்கொடுத்தார். அத்தட்டு அமெரிக்காவிற்குச் சென்றது. ‘உயிம்பூபே’ என்னும் சொல்லைப் பீட் சீகர் ‘விமோவே’ எனத் தவறாகக் கேட்டுப் பாட, பொருளற்ற அச்சொல்லே உலகெங்கும் பரவிற்று. 1961-இல் ஆங்கில வரிகளுடன் அது அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. மறு ஆண்டு லிண்டா வறுமையில் இறந்தார். கல்லறைக்குக் கல் நாட்டவும் குடும்பத்தாரிடம் பொருள் இல்லை.

அவர்தம் பெண்மக்களுக்குத் துணை வந்தது ஒரு பழைய சட்டம். 1911-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பேரரசுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படைப்பாளி இறந்து இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்ததும், விற்ற உரிமை வழித்தோன்றல்களிடம் திரும்பும். சிங்கப்பூரில் 1987 வரை நடப்பில் இருந்த சட்டமும் அதுவே. அவ்விதியைச் சுட்டி 2004-இல் தென்னாப்பிரிக்காவில் டிஸ்னி நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. 2006 பிப்ரவரியில் பாடலின் உரிமையைக் கொண்டிருந்த பதிப்பகத்துடன் இணக்கம் ஏற்பட்டது. கடந்த காலப் பயன்பாட்டிற்கும் இனி வருவதற்கும் குடும்பத்தாருக்குத் தொகை தர ஒப்புக்கொள்ளப்பட்டது. பாடலின் படைப்பாளருள் ஒருவராகச் சாலமன் லிண்டாவின் பெயரும் ஏற்றுக்கொள்ளப்பட்டது.