ஸ்கோனும் கொஞ்சம் ஆர்சனிக்கும்

மக்களே, இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆய்வுக்கட்டுரையில ஒரு அத்தியாயம் பாக்கி. அதை எழுதாம கொலையைப் பத்தி எழுத உட்கார்ந்திருக்கேன். என் கைடுக்குத் தமிழ் தெரியாதுங்கிற தைரியம்தான் :-)

நான் ரெடிங்ல குடியிருக்கிற வீட்டோட ஓனர் எழுபத்தஞ்சு தாண்டின ஒரு வெள்ளைக்காரப் பாட்டி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா ஒரு பெரிய கெட்டில்ல டீ, ஒரு தட்டு பிஸ்கட், டிவியில 'மிட்சோமர் மர்டர்ஸ்'. எல்லாம் பழைய எபிசோட். யார் செத்தா, யார் கொன்னான்னு அவங்களுக்கு மனப்பாடம். ஆனாலும் முதல் தடவை பார்க்கிற மாதிரி "ஐயோ பாவம்"னு உச்சுக் கொட்டுவாங்க.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. கரோலின் கிரஹாம் 1987ல எழுத ஆரம்பிச்ச பார்னபி நாவல்களை வெச்சு, ஐடிவி 1997 மார்ச்ல ஆரம்பிச்ச தொடர் இது. முதல் கதைக்குத் திரைக்கதை ஆண்டனி ஹோரோவிட்ஸ். மிட்சோமர்னு இல்லாத ஒரு மாவட்டம், அதுல ஊருக்கு ஊர் ஒரு சர்ச், ஒரு பப், ஒரு பூச்செடிப் போட்டி, மூணு பொணம். 2011 வரைக்கும் ஜான் நெட்டில்ஸ் டாம் பார்னபியா நடிச்சார். அதுக்கப்புறம் நீல் டட்ஜன், டாமோட கஸின் ஜான் பார்னபியா வந்தார். 130 எபிசோடுக்கு மேல ஆயிடுச்சு. 2013ல வந்த ஒரு கதையில ஒரு பெண்ணை வண்டிச் சக்கரம் சைஸ் சீஸ் கட்டியால கொன்னாங்க. நான் சிரிச்சதுக்குப் பாட்டி முறைச்சாங்க.

பாட்டிக்கு ஒரு சூத்திரம் உண்டு. "யார் ரொம்ப இனிமையாப் பேசறாங்களோ, யார் டீக்குக் கூப்பிடறாங்களோ, அவங்கதான்." பத்துக்கு ஆறு ஏழு தடவை சரியாத்தான் இருக்கு. வேட்டைக்காரன், குடிகாரன், ஊருக்குப் புதுசா வந்தவன் எல்லாம் முதல் அரைமணி நேரத்துக்குச் சந்தேகப்படறதுக்கு மட்டும். கடைசியில பிடிபடறது படிச்ச, அழகான, வாசல்ல ரோஜா வளர்க்கிற ஆள். முதல் எபிசோடே அப்படித்தான். (பார்க்காதவங்க அடுத்த பத்திக்குத் தாவிடுங்க.) எமிலி மார்ட்டிமர் நடிச்ச அந்த மணப்பொண்ணைப் பார்த்தா யாருக்காவது சந்தேகம் வருமா? காட்டுல ஆர்க்கிட் தேடிப் போன ஒரு வயசான டீச்சரம்மா பார்க்கக் கூடாததைப் பார்த்துடறாங்க, அதுக்காக அவங்க கதையே முடிஞ்சுடுது.

இதெல்லாம் எழுத்தாளருங்க வித்தை, நாம எதிர்பார்க்காத ஆளைக் கொலைகாரன் ஆக்கறது பழைய டெக்னிக்னுதான் நானும் நினைச்சேன். ஆனா நான் இருக்கிற இடத்தைச் சுத்தியே இந்தத் தொடர் எடுக்கிற ஊருங்க இருக்கு. பஸ் ஏறினா வாலிங்ஃபோர்ட். தொடர்ல வர்ற காஸ்டன் டவுன் அதுதான். இதே வாலிங்ஃபோர்ட்லதான் அகதா கிறிஸ்டி 1934லேர்ந்து 1976ல சாகற வரைக்கும் வீடு வெச்சிருந்தாங்க. பக்கத்து ஊர் சோல்சி சர்ச்லதான் அடக்கம். அங்க போயிட்டு வந்த பிறகுதான் இந்தப் பக்கத்து நிஜக் கொலைங்களைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க, டிவிக்காரங்க ரொம்ப ஒண்ணும் கற்பனை பண்ணலைன்னு தோணிச்சு.

ரெடிங்குக்குப் பக்கத்துல ஹென்லி. தேம்ஸ் கரையில படகுப் போட்டி நடக்கிற பணக்கார ஊர். 1751ல அங்க ஃபிரான்சிஸ் பிளாண்டின்னு ஒரு வக்கீல். மக மேரி. பொண்ணுக்கு 10,000 பவுண்டு சீதனம்னு அப்பா ஊரெல்லாம் சொல்லி வெச்சிருந்தார், அவ்வளவு பணம் கிடையாது. (நம்மூர்க் கதை மாதிரி இல்ல?) வந்து ஒட்டிக்கிட்டவர் கேப்டன் கிரான்ஸ்டவுன், ஏற்கெனவே கல்யாணம் ஆனவர். அப்பா மனசு மாறட்டும்னு அவர் ஒரு வெள்ளைப் பொடி அனுப்பறார். மேரி அதை டீயில, கஞ்சியில கலக்கறா. வசியப் பொடின்னு நினைச்சேன்னு கடைசி வரைக்கும் சொன்னா. அப்பா ஆகஸ்ட்ல செத்துட்டார், அதுவும் சாகறதுக்கு முன்னாடி மகளை மன்னிச்சுட்டு. இதைக் கண்டுபிடிச்சது யாரு? சூசன் கன்னல்ங்கிற வேலைக்காரி. மிச்சக் கஞ்சியைக் குடிச்ச வேலைக்காரப் பொம்பளைங்களுக்கு வயிறு புரட்டினப்பவும் யாரும் கண்டுக்கல. சூசன்தான் பாத்திரத்தோட அடியில வெள்ளையா எதோ படிஞ்சிருக்கிறதைப் பார்த்து எடுத்து வெச்சா. ஆண்டனி ஆடிங்டன்ங்கிற டாக்டர் அந்தப் பொடியைச் சோதிச்சுப் பார்த்து, அது ஆர்சனிக்தான்னு கோர்ட்ல விளக்கினார். 1752 ஏப்ரல்ல ஆக்ஸ்போர்டுல மேரியைத் தூக்குல போட்டாங்க. தூக்குமேடை ஏறறப்போ ரொம்ப உயரத்துல தொங்க விடாதீங்க, மரியாதையா இருக்காதுன்னு கேட்டுக்கிட்டதாச் சொல்றாங்க. மரியாதை! இந்த வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க.

அடுத்தது 1860. வில்ட்ஷயர் எல்லையில ரோடுங்கிற கிராமம். ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் சாமுவேல் கென்ட்டோட பெரிய வீடு. நாலு வயசு நிறையாத பையன் சாவில், ராத்திரி படுக்கையிலேர்ந்து காணாமப் போயி, தோட்டத்துக் கக்கூஸ்ல கழுத்தறுபட்டுக் கிடைச்சான். லண்டன்லேர்ந்து ஸ்காட்லாந்து யார்டு இன்ஸ்பெக்டர் ஜாக் விச்சர் வந்தார். 1842ல ஆரம்பிச்ச துப்பறியும் பிரிவோட முதல் எட்டுப் பேர்ல ஒருத்தர், தோட்டக்காரர் மகன். சலவைக் கணக்குல ஒரு இரவு உடை குறையுதுன்னு பிடிச்சார். பையனோட அக்கா, முதல் தாரத்து மக, 16 வயசு கான்ஸ்டன்ஸைக் கைது பண்ணினார். அவ்வளவுதான், நாடே கொதிச்சுது. கொலைக்கு இல்லீங்க, ஒரு கூலிக்கார வீட்டுப் பையன் ஜென்டில்மேன் வீட்டுப் பொண்ணோட உள்ளாடைக் கணக்கைக் கேட்டுட்டான்னு! பத்திரிகைங்க விச்சரைக் கிழிச்சுது. பொண்ணை விட்டுட்டாங்க. அந்த வீட்டு ஆயாவைத்தான் மறுபடி மறுபடி பிடிச்சு விசாரிச்சாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு 1865ல கான்ஸ்டன்ஸ் தானா வந்து ஒத்துக்கிட்டா. விச்சர் அதுக்குள்ள வேலையை விட்டாச்சு. அவ இருபது வருஷம் ஜெயில்ல இருந்துட்டு, ஆஸ்திரேலியா போய் நர்ஸா வேலை பார்த்து, 1944ல நூறு வயசுல செத்தா. வில்கி காலின்ஸ் 1868ல எழுதின 'த மூன்ஸ்டோன்' நாவல்ல காணாமப் போற இரவு உடை இந்தக் கேஸ்லேர்ந்து வந்ததுதான்.

ஆனா என்னைத் தூங்க விடாம பண்ணினது ஹே.

ஹே-ஆன்-வை வேல்ஸ் எல்லையில இருக்கிற சின்ன ஊர். இப்ப பழைய புத்தகக் கடைங்களுக்குப் பேர் போனது. 1921ல அங்க ரெண்டு வக்கீல் ஆபீஸ், தெருவுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. ஒண்ணு ஹெர்பர்ட் ரௌஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கோடது. ஆள் குள்ளம், ஒல்லி, மெழுகு தடவின மீசை. கேம்பிரிட்ஜ் படிப்பு, யுத்தத்துல மேஜர், மாஜிஸ்திரேட்டுகளோட கிளார்க். எதிர் ஆபீஸ் ஆஸ்வால்ட் மார்ட்டின், யுத்தத்துல அடிபட்டுத் திரும்பி, ஊருக்கு வந்து கொஞ்ச நாளே ஆன இளம் வக்கீல். ஒரு நில விற்பனையில ஆர்ம்ஸ்ட்ராங் பிடிச்சு வெச்சிருந்த அட்வான்ஸைத் திருப்பிக் கொடுன்னு மார்ட்டின் நெருக்கினார்.

1921 அக்டோபர் 26. ஆர்ம்ஸ்ட்ராங் மார்ட்டினை வீட்டுக்கு டீக்குக் கூப்பிட்டார். வெண்ணெய் தடவின ஒரு ஸ்கோனை எடுத்து, கையால தர்றதுக்கு மன்னிக்கணும்னு சொல்லிக் கொடுத்தார். கவனிங்க, விஷம் கொடுக்கிற மனுஷன் கையால எடுத்ததுக்கு மன்னிப்புக் கேக்கறார். ராத்திரி மார்ட்டின் வாந்தி எடுத்து எடுத்துத் துவண்டு போனார்.

மார்ட்டினோட மாமனார் ஜான் டேவிஸ் அந்த ஊர் மருந்துக்கடைக்காரர். மேஜருக்கு ஆர்சனிக் வித்தது அவர்தான், தோட்டத்து டேன்டிலியான் களையைக் கொல்லணும்னு வாங்கினாராம். அவர் மனசுல பொறி தட்டிச்சு. கொஞ்ச நாள் முன்னாடி மார்ட்டின் வீட்டுக்கு யாரோ பேர் போடாம ஒரு சாக்லேட் பெட்டி அனுப்பியிருந்தாங்க, அதைச் சாப்பிட்ட சகோதரரோட மனைவிக்கும் இதே வாந்தி. ஊர் டாக்டர் ஹிங்க்ஸுக்கும் ஒண்ணொண்ணா ஞாபகம் வந்துச்சு. பிப்ரவரியில செத்துப் போன ஆர்ம்ஸ்ட்ராங் மனைவி கேத்தரினுக்கும் கிட்டத்தட்ட இதே அறிகுறிதான். சாக்லேட்டையும் மார்ட்டினோட சிறுநீரையும் லண்டனுக்கு அனுப்பினாங்க. ரெண்டுலயும் ஆர்சனிக்.

இங்கதான் எனக்கு வயித்தைக் கலக்கின பகுதி. போலீஸ் ரகசியமா விசாரிக்குது, மேஜருக்குச் சந்தேகம் வரக்கூடாதுன்னு மார்ட்டினுக்கு உத்தரவு. மேஜரோ விடாம டீக்குக் கூப்பிடறார். இன்னிக்கு வாங்க, நாளைக்கு வாங்க, வீட்டுக்கு வர முடியலைன்னா எதிர்ல ஆபீஸுக்கே வாங்க. மார்ட்டினால "நீ என்னைக் கொல்லப் பாக்கறே"ன்னு சொல்ல முடியாது. வேலை இருக்கு, வேற இடத்துல சொல்லிட்டேன்னு வாரக்கணக்குல சாக்கு சொல்லிச் சொல்லி மனுஷன் ஓய்ஞ்சு போயிட்டார். கத்தி தூக்கிட்டு வர்றவன்கிட்டேயிருந்து ஓடலாம். சிரிச்சுக்கிட்டு டீக்குக் கூப்பிடறவன்கிட்டேயிருந்து எப்படி ஓடறது? ஓடினா நீதான் மரியாதை தெரியாதவன்.

டிசம்பர் 31ம் தேதி ஆர்ம்ஸ்ட்ராங்கைக் கைது பண்ணினாங்க. சட்டைப் பையில குட்டியா ஒரு ஆர்சனிக் பொட்டலம். கேத்தரினைத் தோண்டி எடுத்துப் பார்த்தா உடம்பு பூரா ஆர்சனிக். கோர்ட்ல கேட்டதுக்கு, செடிக்கு ஒண்ணுன்னு இருபது பொட்டலம் கட்டினேன்னார். மொத்தமா எடுத்துட்டுப் போய்க் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டா ஆகாதான்னு ஜட்ஜ் டார்லிங்கே கேட்டார். பதில் சரியா வரல. ஜூரி ஒரு மணி நேரத்துக்குள்ள முடிவு பண்ணிட்டாங்க. 1922 மே 31ல குளோஸ்டர் ஜெயில்ல தூக்கு. பிரிட்டன்ல கொலைக்காகத் தூக்குல போடப்பட்ட ஒரே சொலிசிட்டர் அவர்தான். அவர் நிரபராதின்னு சொல்றவங்களும் இருக்காங்க. பின்னால அதே ஆபீஸ்ல வக்கீலா இருந்த மார்ட்டின் பீல்ஸ் 1995ல ஒரு புத்தகமே எழுதியிருக்கார். எனக்கு அந்தப் பையிலிருந்த பொட்டலம்தான் இடிக்குது.

இந்த மூணு கேஸையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். கண்டுபிடிச்சவங்க ஒரு வேலைக்காரி, ஒரு தோட்டக்காரர் மகன், ஒரு கடைக்காரர். டிவியில கொலைகாரங்க வசீகரமா இருக்கிறது நமக்குப் பொழுது போகணும்னு மட்டும் இல்லைங்க. நல்ல குடும்பம், நல்ல பேச்சு, நல்ல டீன்னா ஊர் அதுக்கு மேல கேள்வி கேக்காது. கொலைகாரனுக்கு அந்த நம்பிக்கைதான் கையுறை.

இதுல எனக்கென்னன்னு கேப்பீங்க. போன வருஷம் வெயில் காலத்துல மிட்சோமர் மாதிரியே இருக்கிற ஒரு கிராமத்துல தனியா நடந்துட்டிருந்தேன். பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள மூணு பேர், அத்தனை பேரும் புன்னகையோட, "வழி தவறிட்டீங்களா? உதவி வேணுமா?"ன்னு கேட்டாங்க. நிஜமான அக்கறையாவும் இருக்கலாம். மூணாவது ஆள் மட்டும் நான் பஸ் ஸ்டாப் போற வரைக்கும் கேட் பக்கத்துலயே நின்னார். எதிர்த்த ரோஜாத் தோட்டத்துக்காரரை யாரும் எதுவும் கேக்கல.

2011ல இந்தத் தொடரோட தயாரிப்பாளர் பிரையன் ட்ரூ-மே 'ரேடியோ டைம்ஸ்' பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தப்போ, சிறுபான்மை இனத்தவர் இல்லாததாலதான் தொடர் ஓடுது, அவங்க இருந்தா அது இங்கிலீஷ் கிராமமாவே இருக்காதுங்கிற அர்த்தத்துல பேசி மாட்டிக்கிட்டார். கம்பெனி அவரைச் சஸ்பெண்ட் பண்ணிச்சு, பிறகு விலகிட்டார். எனக்குக் கோபத்தை விடச் சிரிப்புதான் வந்துச்சு. அந்த ஊர்ல அத்தனை கொலையையும் பண்ணினது யாராம்? 2016ல மஞ்சிந்தர் விர்க் டாக்டர் கேம் கரிமோரா வந்து பொணங்களை அறுத்துப் பார்க்க ஆரம்பிச்சாங்க. நம்ம பக்கத்து ஆளுக்கு அங்க முதல்ல கிடைச்ச பெரிய வேலையைப் பாருங்க :-)

ஹே கதையைப் பாட்டிகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம், தன்னோட அம்மா அந்தப் பக்கத்துக்காரங்கன்னும், சின்ன வயசுல யாராவது கையால கேக் எடுத்துக் கொடுத்தா வீட்டுல பெரியவங்க ஆர்ம்ஸ்ட்ராங் மாதிரி மன்னிப்புக் கேட்டுச் சிரிச்சுக்குவாங்கன்னும் சொன்னாங்க. அது என்ன ஜோக்னு அவங்களுக்கு இத்தனை வருஷமாத் தெரியாதாம்.

ஈஸ்டர் லீவுல ஹே போகப் போறேன், புத்தகக் கடைக்குன்னு சொல்லிக்கிட்டு. ஸ்கோன் சாப்பிடுவேனான்னு மட்டும் இப்ப சொல்ல முடியாது.