மொழியும் வட்டாரமும்

சுந்தரபாண்டியத்தில் என் இளமைக் காலத்தே நெல் விலை பேசுமுன் முதியோர், “எந்த ஊர்ப் படி?” என்று கேட்பார்கள். படி என்னும் சொல் ஒன்றே. அளவோ ஊருக்கு ஊர் வேறு. அதே கேள்வியை இன்று கைப்பேசிச் செயலிகள் கேட்கக் காண்கிறோம். கேளாத செயலியால் விளையும் இடரையும் நான் அறிவேன். என் தமக்கையாரின் கண் மருத்துவத்துக்குரிய நாளை ஒரு செயலி 04/05 என்று காட்டிற்று. மே 4 என்று கொண்டோம். ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சென்றபோதுதான், மாதத்தை முன்வைக்கும் அமெரிக்க வழக்கில் அது ஏப்ரல் 5 எனத் தெரிந்தது. ஒரு மாதம் வீணாயிற்று.

கணினியில் தமிழ் எழுத்துக்கு இடம் கிடைத்த வரலாறு பெருமைக்குரியது. 1988-இல் வகுத்த இஸ்கி தரத்தை அடியொற்றி, 1991-இல் வெளிவந்த யூனிகோடு முதற் பதிப்பில் தமிழ் இடம்பெற்றது. 1999-இல் சென்னை மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை ஏற்கப்பட்டது. 2005-இல் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம், சிங்கப்பூரில் கைப்பேசிக்குத் தமிழ்க் குறுஞ்செய்தியைக் கொணர்ந்தது. தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றது.

எழுத்து வந்துவிட்டது, வழக்கு வந்ததா? தமிழுக்கு ‘டி.ஏ.’ என்பது குறியீடு. அதனோடு இந்தியாவுக்கு ‘ஐ.என்.’, இலங்கைக்கு ‘எல்.கே.’, சிங்கப்பூருக்கு ‘எஸ்.ஜி.’, மலேசியாவுக்கு ‘எம்.ஒய்.’ எனச் சேர்ப்பர். யூனிகோடு அமைப்பின் பொது வட்டாரத் தரவுக் களஞ்சியம் இவற்றின் வேற்றுமையைப் பதிந்து வைத்திருக்கிறது. நாம் 12,34,567 என்று இலட்சக் கணக்கில் எழுதுவதைச் சிங்கப்பூர்த் தமிழர் 1,234,567 என்பர். நாம் பிற்பகல் 3:30 என்பது இலங்கைக் குறிப்பில் 15:30 ஆகும்.

சொற்றொடரிலும் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் பெயரின் முன் ஒரு சொல்லை வைத்தாற் போதும். தமிழிலோ உருபு பெயரோடு ஒட்டும். முருகன் ‘முருகனுக்கு’ ஆவான், வள்ளி ‘வள்ளிக்கு’ ஆவாள். துண்டுகளை வெறுமனே ஒட்டும் செயலி ‘முருகன்க்கு’ என்று உளறும். ஆதலின், முழுத் தொடரையும் மொழிபெயர்ப்பாளர் கையில் ஒப்படைப்பதே முறை.

1957 ஏப்ரல் 1-இல் நயா பைசா வந்தபோது, அணாவில் கணக்கிட்டுப் பழகியவர்க்குப் புதுக்கணக்கைப் பொறுமையாகக் கற்பித்தார்கள். அப்பொறுமை செயலி செய்வோர்க்கும் வேண்டும். “எந்த ஊர்ப் படி?” என்று முதலிற் கேட்டுக்கொண்டால், என் தமக்கையார் போன்றோர் வந்த வழியே திரும்ப நேராது.