யானைமலைக்கு வந்த படப்பெட்டி

பாறையேறும் கலையைப் படம்பிடித்த முன்னோடிகள் என்றால் இங்கிலாந்தின் கெசிக் ஊர் ஆபிரகாம் சகோதரர்களைத்தான் சொல்வார்கள். ஜார்ஜ், ஆஷ்லி இருவரும் 1890களில் கண்ணாடித் தகடுகளைச் சுமந்துகொண்டு செங்குத்துப் பாறைகளில் ஏறினார்கள். ஓவன் கிளின் ஜோன்ஸ் 1897இல் வெளியிட்ட பாறையேற்ற நூலில் இருப்பவை அவர்கள் எடுத்த படங்களே.

ஆனா அதுக்கு நாப்பது வருஷம் முன்னாடியே நம்ம மதுரைப் பாறைக்குப் படப்பெட்டி வந்தாச்சு. சென்னைப் படையின் காப்டன் லின்னேயஸ் டிரைப், 1854இல் பேலூர், ஹளேபீடு கோயில்களைப் படமெடுத்தவர், 1858 தொடக்கத்தில் யானைமலையையும் எடுத்தார். மெழுகு பூசிய காகிதமே அவருக்கு நெகட்டிவ். 1859இல் வந்த கவர்னர் டிரெவெல்யன், செலவு அதிகம் என்று அவர் வேலையை நிறுத்திவிட்டார்.

அந்தப் பாறையில் அவருக்கு முன்பே ஏறியவர்கள் நம் சமண முனிவர்கள். அவர்களுடைய கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் அங்கே உண்டு. தீர்த்தங்கரர் சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் அச்சணந்தியின் பெயரும் உண்டு.

2010இல் அம்மலையில் சிற்ப நகரம் அமைக்க அரசு முனைந்தபோது சுற்றுவட்டார மக்கள் எதிர்த்து நின்றார்கள். மலை பிழைத்தது. மதுரை வட்டாரத்தில் கிரானைட்டுக்காக வெட்டப்பட்ட குன்றுகள் பல. வெட்டின பாறை மறுபடி வளருமா?

மர்பி டவுன்ல என் கடைச் சுவரில் டிரைப் படத்தின் நகல் ஒன்று தொங்குது. யானை படுத்தாப்பல இருக்கேன்னு பிள்ளைகள் கேட்கும். லீவுக்கு மதுரை போனா நேர்லயே பாருங்கன்னு சொல்வேன். படம் சாட்சிதான், மலை ஆகாது.